முக்கால் இஞ்ச் பைப்பில் பாலிடனல்: வெல்டிங் இல்லாமல் சட்டம் கட்டும் வழி

செங்குன்றம் பக்கமோ திருப்போரூர் பக்கமோ கொஞ்சம் நிலம் வைத்துக்கொண்டு, கீரைக்கும் நாற்றுக்கும் ஒரு சின்ன பாலிடனல் (வளைத்த பைப்புகள் மேல் பிளாஸ்டிக் ஷீட் போர்த்திய குடில்) போட்டால் தேவலை என்று நினைக்கும் சென்னைவாசிகளுக்காக இதை எழுதுகிறேன். பாலிஹவுஸ் போட்டுத் தருபவர்களிடம் விலை கேட்டால் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்றுதான் பேச்சே தொடங்கும், ஒரு சென்ட் அளவுக்கு யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள். சரி, நாமே கட்டலாம் என்று இறங்கினால் பைப் கடைக்காரர் ஒன்று சொல்வார், பிளம்பர் இன்னொன்று சொல்வார், வெல்டர் மூன்றாவதாக ஒன்று சொல்வார். அவரவர் தொழிலுக்கு அது சரிதான், ஆனால் மேலே பிளாஸ்டிக் ஷீட் போர்த்தி, கடல் காற்றில் பல வருஷம் நிற்க வேண்டிய சட்டத்துக்கு அது பொருந்தாது. அந்தக் குழப்பத்தில் நான் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வேலையில் பணம் போவதும் துரு தொடங்குவதும் இணைப்புகளில்தான். எத்தனை இணைப்பைக் குறைக்கிறோமோ அத்தனை நல்லது. மிச்சம் இருப்பதை ஒரு பைப்புக்குள் இன்னொன்றைச் சொருகி போல்ட் போட்டு முடிக்க வேண்டும். கீழே வரும் அளவுகள் எல்லாம் அதற்காகவே பார்த்துப் பார்த்து வைத்தவை.

1. காகித வேலையை முதலில் முடியுங்கள்

மானியம் வாங்கும் எண்ணம் இருந்தால் ஒரு பைப் கூட வாங்காதீர்கள். தோட்டக்கலைத் துறை மூலம் பசுமைக்குடிலுக்கும் நிழல்வலைக் குடிலுக்கும் 50 சதவீத மானியம் வருகிறது. ஆனால் விண்ணப்பம், ஆய்வு, பணி ஆணை, அப்புறம்தான் கட்டுமானம் என்பது வரிசை. கட்டி முடித்துவிட்டுப் போனால் ஒன்றும் கிடைக்காது. நிலம் இருக்கும் வட்டாரத்தின் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்க வேண்டும், உழவன் செயலியிலும் பதிவு செய்யலாம். சிட்டா, அடங்கல், புலப்படம், ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், பாஸ்போர்ட் அளவு புகைப்படம் இவற்றைத் தலா இரண்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். சிறு, குறு விவசாயி சான்று இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து விடுங்கள், அது கைக்கு வரச் சில நாள் ஆகும். சிட்டாவை வருவாய்த் துறையின் இணையதளத்தில் நீங்களே எடுக்கலாம், அதற்கு யாருக்கும் பணம் தர வேண்டாம்.

ஒன்றை மனதில் வையுங்கள். மானியம் என்றால் அவர்கள் சொல்லும் அளவு, அவர்கள் சொல்லும் தரம். நான் சொல்லப்போகும் சின்ன டனல் அதற்குள் வராது என்று வைத்துக்கொண்டே பட்ஜெட் போடுங்கள்.

நிலம் குத்தகை என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். குத்தகை முடியும்போது சட்டத்தைக் கழற்றி எடுத்துப்போகும் உரிமை உங்களுக்கு உண்டு என்ற ஒரு வரி அதில் கட்டாயம் இருக்கட்டும். போல்ட் போட்ட சட்டத்தைக் கழற்றலாம், வெல்டிங் செய்ததை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

அபார்ட்மென்ட் மொட்டை மாடிக்கு இந்த முறையைக் கொண்டுபோக வேண்டாம். அடித்தளம் மண்ணில் இறங்கினால்தான் இது நிற்கும்.

2. அளவை பைப்பின் நீளத்திலிருந்து முடிவு செய்யுங்கள்

எல்லாரும் முதலில் அகலத்தை முடிவு செய்துவிட்டு அப்புறம் பைப் கணக்குப் போடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். கடையில் ஜி.ஐ. பைப், அதாவது ஜிங்க் பூசிய இரும்புப் பைப், 6 மீட்டர் நீளத்தில் வரும். அதை வெட்டாமல், ஒட்டாமல் முழுசாக ஒரு வளைவாக்கினால் உச்சியில் இணைப்பே கிடையாது. அதற்கு ஏற்ற அகலம் 3.6 மீட்டர். அரைவட்டத்துக்கு 5.65 மீட்டர் போக, இரண்டு முனையிலும் சுமார் 17 செ.மீ. நேராக மிஞ்சும். ரோலிங் மெஷினில் பைப்பின் கடைசித் துண்டு எப்படியும் வளையாது, அந்த நேர்த்துண்டுதான் கான்கிரீட்டில் நட்டு நிறுத்தும் அடிப்பைப்புக்குள் சொருகப் போகிறது.

அடிப்பைப் 1.5 மீட்டர். 60 செ.மீ. கான்கிரீட்டுக்குள், 90 செ.மீ. வெளியே. 6 மீட்டர் பைப்பில் நான்கு துண்டு சரியாக வரும், ஒரு செ.மீ. கூட வீணாகாது. வளைவின் உயரம் 1.8 மீட்டர், அதோடு இந்த 90 சேர்ந்தால் நடுவில் 2.7 மீட்டர். சென்னை வெயிலுக்கு இதைவிடக் குறைக்காதீர்கள். 2003 மே மாதம் இங்கே 45 டிகிரி பதிவாகியிருக்கிறது; தாழ்வான, பக்கம் மூடிய டனலில் கத்திரி வெயில் நேரத்தில் செடியும் நிற்காது, ஆளும் நிற்க முடியாது. பக்கவாட்டில் அந்த 90 செ.மீ. முழுக்கப் பூச்சிவலை மட்டும்தான், ஷீட் வராது.

நீளம் 12 மீட்டர் போதும். 1.5 மீட்டர் இடைவெளியில் 9 வளைவு, 18 அடிப்பைப். நீளவாட்டு வடக்கு தெற்காக இருக்கட்டும், மதியத்துக்கு மேல் வரும் கடல் காற்று பக்கவலை வழியாகக் குறுக்கே புகுந்து போகும்.

3. பைப் வாங்குவது: இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம்

சில்லறையாக வாங்க பாரிமுனையில் செம்புதாஸ் தெரு, எடை கணக்கில் மொத்தமாக வாங்க சாத்தங்காடு இரும்புச் சந்தை. இரண்டு இடத்திலும் விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஐ.எஸ். 1239 என்ற இந்தியத் தரத்தில் வரும் பைப்பில் மூன்று வகை. மஞ்சள் பட்டை ஏ கிளாஸ், நீலப் பட்டை பி கிளாஸ், சிவப்புப் பட்டை சி கிளாஸ். வெளிவிட்டம் மூன்றுக்கும் ஒன்றுதான், கனம்தான் மாறும், அதனால் உள்விட்டமும் மாறும். முக்கால் இஞ்ச் பைப்பின் வெளிவிட்டம் 26.9 மி.மீ. ஒரு இஞ்ச் ஏ கிளாஸின் உள்விட்டம் சுமார் 28.5, ஒன்றரை மி.மீ. இடைவெளியில் அழகாகச் சொருகும். அதே ஒரு இஞ்ச் பி கிளாஸ் என்றால் உள்விட்டம் 27.3 தான், கணக்குக்கு நுழைய வேண்டும், ஆனால் உள்ளே ஓடும் வெல்டிங் தையலும் ஜிங்க் திட்டும் தடுத்துவிடும். "கனமாப் போடுங்க சார், நல்லா உழைக்கும்" என்று கடையில் பி கிளாஸைத் தலையில் கட்டினால் சொருகு இணைப்பே நடக்காது. ஆகவே அடிப்பைப் ஒரு இஞ்ச் ஏ கிளாஸ், வளைவு முக்கால் இஞ்ச் ஏ கிளாஸ், நீளவாட்டுப் பைப்புகளை ஒன்றோடொன்று சேர்க்க உள்ளே போடும் துண்டு அரை இஞ்ச். அரை இஞ்சின் வெளிவிட்டம் 21.3, முக்கால் இஞ்ச் ஏ கிளாஸின் உள்விட்டம் சுமார் 22.3, ஒரு மி.மீ. இடைவெளி. முக்கால் இஞ்ச் துண்டு ஒன்றைக் கையோடு எடுத்துப் போய், கடையிலேயே சொருகிப் பார்த்துவிட்டு பில் போடச் சொல்லுங்கள். மானக்கேடு ஒன்றும் இல்லை, அவர்களே துண்டு கொடுப்பார்கள்.

இன்னொரு பொறி ஜி.பி. பைப். ஜிங்க் பூசிய தகட்டை உருட்டிச் செய்வது, பளபளவென்று இருக்கும், விலையும் குறைவு, "இதுவும் ஜி.ஐ. தான்" என்பார்கள். பூச்சு மெலிது, தையல் ஓரத்தில் இன்னும் மோசம். கடற்கரைக்குக் கிட்டே இருந்தால் தொடவே வேண்டாம். உருக்கிய ஜிங்கில் முக்கி எடுத்த பைப்பைத்தான் கேளுங்கள்.

எடைக்குத்தான் விலை. அதனால் எடையை நீங்களே கணக்குப் போடத் தெரிந்திருக்க வேண்டும்: வெளிவிட்டத்திலிருந்து கனத்தைக் கழித்து, அதைக் கனத்தால் பெருக்கி, 0.02466 ஆல் பெருக்கினால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும், இரண்டும் மி.மீட்டரில். முக்கால் இஞ்ச் ஏ கிளாஸ் மீட்டருக்கு ஏறக்குறைய 1.4 கிலோ, ஒரு இஞ்ச் 2 கிலோ, அரை இஞ்ச் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. எடை இதைவிட நன்றாகக் குறைந்தால் பைப் அந்தக் கனம் இல்லை என்று அர்த்தம்.

வாங்க வேண்டியது: வளைவுக்கு முக்கால் இஞ்ச் 9, வளைவுகளைச் சேர்த்துப் பிடிக்க நீளவாட்டில் ஓடும் மூன்று வரிசைப் பைப்புக்கு (பர்லின்) 6, இரு முனைச் சட்டத்துக்கும் கதவுக்கும் 3. ஒரு இஞ்ச் 5. மூலைக் குறுக்குத் தாங்கலுக்கும் உள்துண்டுக்கும் அரை இஞ்ச் 3. மொத்தம் சுமார் 230 கிலோ. கிலோ 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 20,700 ரூபாய். சொன்ன விலை 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலா என்று முதலிலேயே கேளுங்கள், சேர்க்காமல் என்றால் அது 24,400 ரூபாயைத் தாண்டிவிடும்.

வண்டி விஷயமும் இங்கேயே. 20 அடி பைப்பைக் குட்டியானையில் ஏற்றினால் பாதிக்கு மேல் வெளியே தொங்கும், போலீஸும் பிடிக்கும், ஆபத்தும் கூட. நீளமான பாடி உள்ள லாரியாகப் பேசுங்கள். நகருக்குள் சரக்கு வண்டிக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு, லோடு எப்போது ஏற்றுவார்கள் என்று கடையில் கேட்டுக்கொண்டு வண்டியைச் சொல்லுங்கள். காத்திருப்புக் கூலி உங்கள் தலையில்தான் விழும்.

4. வளைப்பது

அம்பத்தூர், திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைப் பக்கம் பைப் ரோலிங் செய்யும் பட்டறைகள் உண்டு. கூலி பைப் கணக்கு. கொடுக்கும் முன் சிமெண்டுத் தரையில் 1.8 மீட்டர் ஆரத்தில் ஒரு அரைவட்டம் சாக்பீஸால் வரைந்து, முதல் பைப்பை அதன் மேல் வைத்துப் பார்த்த பிறகே மற்றதைச் செய்யச் சொல்லுங்கள். பைப் கொஞ்சம் திரும்ப விரியும், அதைக் கணக்கில் எடுத்து ஆபரேட்டர் அழுத்தத்தைக் கூட்டுவார். ஒரே அமர்வில் ஒன்பதையும் முடிக்க வேண்டும். நாலு இன்று, ஐந்து அடுத்த வாரம் என்றால் இரண்டு வகை வளைவு வரும், மேலே ஷீட் சுருங்கும். மணல் நிரப்பிச் சூடு காட்டி வளைக்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஜிங்க் எரிந்துபோகும்.

5. அடித்தளம்

மூலை மட்டம் பார்க்க மூலைவிட்டத்தை அளந்தால் போதும். இரண்டும் 12.53 மீட்டர் வர வேண்டும். குழி 30 செ.மீ. விட்டம், 60 செ.மீ. ஆழம். ஒவ்வொன்றிலும் சுமார் 100 கிலோ கான்கிரீட் விழும், சிமெண்டு, மணல், ஜல்லி 1:2:4 கலவையில் 18 குழிக்கும் சேர்த்து 5 மூட்டை சிமெண்டு பிடிக்கும். அடிப்பைப்பின் கீழ்முனையில் துளை போட்டு ஒரு சாண் நீளக் கம்பியைக் குறுக்கே செருகி அப்புறம் குழியில் இறக்குங்கள். காற்று இந்தச் சட்டத்தை மேல்நோக்கித்தான் இழுக்கும், வழவழப்பான பைப் கான்கிரீட்டிலிருந்து உருவிக்கொண்டு வரக்கூடாது. ஈ.சி.ஆர். பக்கம் போல வெறும் மணலாக இருந்தால் குழியையும் பைப்பையும் இன்னும் 30 செ.மீ. நீட்டுங்கள். அப்போது ஒரு பைப்பில் மூன்று துண்டுதான் வரும், செலவு கொஞ்சம் கூடும்.

எல்லா அடிப்பைப்பின் தலையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். கான்கிரீட்டின் மேல்பரப்பை மண்ணுக்கு 5 செ.மீ. மேலே எடுத்து, பைப்பிலிருந்து வெளிப்பக்கம் சரிவாக முடியுங்கள். பைப் முதலில் அரிக்கும் இடம் அதுதான். ஏழு நாள் நீர் விட்டு, அதற்குப் பிறகே வளைவை ஏற்றுங்கள்.

6. இணைப்பது

அடிப்பைப்பும் வளைவும்: அடிப்பைப்பின் தலையிலிருந்து 17 செ.மீ. கீழே ஒரு துளை போட்டு 8 மி.மீ. போல்ட்டைக் குறுக்கே செருகுங்கள். வளைவின் முனை அதன் மேல் உட்காரும், எல்லா வளைவும் தானாகவே ஒரே உயரத்துக்கு வரும். ஒன்பதையும் நிறுத்தி, உச்சியில் கயிறு கட்டிப் பார்த்து, நேராக்கிய பிறகே தலையிலிருந்து 5 செ.மீ., 11 செ.மீ. இடங்களில் இரண்டு பைப்பையும் சேர்த்துத் துளைத்து போல்ட் போடுங்கள். முன்கூட்டியே துளைத்து வைத்தால் ஒன்றுகூடச் சேராது.

துளை எந்தத் திசையில் என்பது முக்கியம். டனலின் நீளவாட்டுத் திசையில் போல்ட் ஓட வேண்டும். வளைவு வளையும்போது இழுபடுவதும் நசுங்குவதும் அதன் வெளி முதுகும் உள் வயிறும்தான், பக்கவாட்டில் அழுத்தம் குறைவு, அங்கே துளை இருந்தால் பலம் பெரிதாகக் குறையாது. போல்ட் தலையும் ஷீட்டில் உரசாது. கடற்கரைக்குக் கிட்டே என்றால் ஸ்டெயின்லெஸ் 304 போல்ட், மற்ற இடத்துக்கு ஜிங்க் பூசியது, எங்கே ஆனாலும் நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் இருக்கும், ஆட்டத்தில் கழலாது).

இந்த இணைப்பில் ஒரு பலவீனம் உண்டு. ஷீட்டிலிருந்து வழியும் மழைநீர் சொருகிய இடைவெளி வழியாக அடிப்பைப்புக்குள் இறங்கித் தேங்கும். மேல் விளிம்பில் சிலிக்கான் ஒரு சுற்று விடுங்கள், கான்கிரீட்டுக்குச் சற்று மேலே 6 மி.மீ. வடிதுளை ஒன்று போடுங்கள். இரண்டும் வேண்டும்.

பர்லின்: உச்சியில் ஒன்று, இரு தோளிலும் ஒவ்வொன்று. எல்லாமே வளைவுக்கு உள்பக்கம். இரண்டு பைப் சேரும் இடத்தில் 30 செ.மீ. அரை இஞ்ச் துண்டை உள்ளே பாதிப் பாதி விட்டு, இருபுறமும் ஒவ்வொரு ஸ்க்ரூ. வளைவோடு சேர்க்க யூ போல்ட்: அதன் உருண்டை முதுகு வளைவின் மேல் படிய, இரு காலும் பர்லினில் போட்ட துளைகள் வழியாகக் கீழே வந்து, நட் உள்பக்கம் வர வேண்டும். வளைவில் துளையே தேவையில்லை. பாலிஹவுஸ் சாமான் விற்பவர்களிடம் தகட்டு கிளாம்ப் கிடைக்கும், அதுவும் நல்லது, விலை கூட.

நான்கு மூலையிலும் முதல் வளைவின் தோளிலிருந்து அடுத்த அடிப்பைப்பின் காலுக்குச் சாய்வாக ஒரு அரை இஞ்ச் தாங்கல். இதை மிச்சம் பிடிக்காதீர்கள், இது இல்லாமல் ஒன்பது வளைவும் ஒரே பக்கம் சாய்ந்து படுத்துவிடும்.

பிளம்பர் சாக்கெட் போட்டு மரை வெட்டலாம் என்பார். முக்கால் இஞ்ச் மரையின் ஆழம் 1.16 மி.மீ., ஏ கிளாஸ் பைப்பின் கனம் 2.3 தான். மரை வெட்டிய இடத்தில் பாதிக் கனமும் மொத்த ஜிங்க் பூச்சும் போய்விடும், முதல் பெருங்காற்றில் முறியும் இடம் அதுதான்.

வெல்டிங் கதவுச் சட்டத்துக்கு மட்டும். அங்கேயும் வெல்ட் வைக்கும் இடத்தில் ஜிங்கைத் தேய்த்து எடுத்துவிட்டு, திறந்த வெளியில், மாஸ்க் போட்டுத்தான் செய்ய வேண்டும். ஜிங்க் புகையை இழுத்தால் அன்று இரவே குளிர்காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறைகளில் சொல்வதை நம்பாதீர்கள், நுரையீரலுக்குப் போன புகையைப் பால் ஒன்றும் செய்யாது. முடிந்ததும் அந்த இடத்தில் ஜிங்க் ரிச் பிரைமர் இரண்டு கோட். சில்வர் பெயின்ட் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும், துருவைத் தடுக்காது.

நீளப் பைப்பைத் தூக்கி நிறுத்தும் முன் மேலே மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். போகிறதென்றால் இடத்தையே மாற்றுங்கள்.

7. ஷீட் போர்த்துவது

200 மைக்ரான், யூ.வி. தடுப்புச் சேர்த்தது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண பாலித்தீன் ஒரு கோடையைத் தாண்டாது. ஓசூர் வியாபாரிகளிடம் சொன்னால் லாரி பார்சலில் அனுப்புவார்கள். எடைக்கு விற்பார்கள், ஒரு கிலோவுக்குச் சுமார் 5.4 சதுர மீட்டர், நமக்கு இரு முனையும் சேர்த்து 17 கிலோ போதும். ஷீட்டைச் சட்டத்தோடு பிடிக்க அலுமினிய ப்ரொஃபைல் பட்டையும் அதில் பதியும் ஜிக்ஜாக் ஸ்ப்ரிங் கம்பியும் வாங்குங்கள். ஆணி, மரச்சட்டம், கயிறு என்று குறுக்கு வழி வேண்டாம், இதற்கான காரணம் அடுத்த படியில்.

ஷீட் தொடும் இடமெல்லாம் வளைவின் மேல்முதுகில் வெள்ளை பெயின்ட் அடியுங்கள், அல்லது நுரை டேப் ஒட்டுங்கள். சூடேறிய இரும்பு தொடும் கோட்டில்தான் ஷீட் முதலில் வெடிக்கும். காலையில் எட்டு மணி அளவில் தொடங்கி, கடல் காற்று எழும் முன் முடித்துவிடுங்கள், நான்கு பேர் வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் மேலே 50 சதவீத நிழல்வலையும் போட வேண்டியிருக்கும்.

வேலையை ஜனவரி கடைசியில் தொடங்குவது நல்லது. மழை ஓய்ந்து, மண் இன்னும் வெட்ட வரும், கோடைக்கு முன் முடியும்.

8. புயல் காலம்

காற்றுக்கான ஐ.எஸ். 875 தரத்தில் சென்னைக்கு வடிவமைப்பு வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ அழுத்தம். நம்முடைய 12 x 3.6, அதாவது 43 சதுர மீட்டர் பரப்புக்கு ஆறரை டன். மேல்நோக்கி இழுக்கும் காற்றுக்கு எதிராகப் பிடித்துவைக்கும் 18 குழியின் கான்கிரீட் எல்லாம் சேர்ந்தே 1.8 டன்தான். வேகம் மணிக்கு 100 கி.மீ. என்றால் அதே கணக்கு இரண்டு டன்னுக்கு இறங்கிவிடும், கான்கிரீட்டோடு பைப்பின் எடையும் சேர்வதால் அதுவரை சட்டம் சமாளிக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா வந்த மாதிரி ஒன்று வந்தால் ஷீட்டோடு எந்த மலிவுச் சட்டமும் நிற்காது, ஷீட் இல்லாத வெறும் பைப்புகள் நிற்கும்.

ஆகவே அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் முடியும்வரை வானிலை மையத்தின் அறிவிப்பைத் தினமும் பாருங்கள். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் புயலாகி நம் பக்கம் திரும்பினால் முந்தின நாளே ஸ்ப்ரிங் கம்பியை உருவி, ஷீட்டைச் சுருட்டி உள்ளே வையுங்கள், பழகினால் இரண்டு பேருக்கு ஒரு மணி நேர வேலைதான். நேரம் தப்பிவிட்டால் பறக்கும் ஷீட்டைப் பிடிக்கப் போகாதீர்கள். காற்று வலுப்பதற்கு முன் உள்ளே நின்று, ஒவ்வொரு வளைவுக்கும் இடையில் கத்தியால் நீளமாகக் கிழித்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். போவது 17 கிலோ ஷீட்தான். புயல் போனதும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை ஸ்பேனர் வைத்து இறுக்கிப் பாருங்கள், வடிதுளையில் மண் அடைத்திருந்தால் கம்பி விட்டுக் குத்தி எடுங்கள், அப்புறம் ஷீட்டைப் போர்த்தலாம்.